தனித்துச் செல்லும் மூலக்கூறு

அறையின் ஒரு மூலையில் அமோனியாக் குப்பி ஒன்றைத் திறந்துவைத்தால், சற்று நேரத்தில் அதன் காரமான நெடி அறை முழுவதும் பரவிவிடுகின்றது. அந்நெடியைச் சுமந்து வருவன கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகள். நைதரசன் அணு ஒன்றும் ஐதரசன் அணுக்கள் மூன்றும் கூடி அமைந்தது அமோனியா மூலக்கூறு. அதன் உள்ளே நிகழ்வது யாது? அணுக்கள் அசைவற்று இருக்கின்றனவா? ஆடுகின்றனவா? ஆடுமாயின் எவ்வளவு விரைவாக ஆடும்? எந்த நுணுக்குக்காட்டியும் நேரிற் காட்டாத இச்செய்திகளை, ஒரு செக்கனுக்கு இத்தனை கோடி அதிர்வுகள் என்று கடைசி இலக்கம்வரை எண்ணிச் சொல்லும் வல்லமை இன்று விஞ்ஞானிகளுக்கு வாய்த்துள்ளது. அவ்வல்லமையைத் தந்த வழிகளுள் மிக நுட்பமானது மூலக்கூற்றுக் கற்றை முறை. கூட்டத்திலிருந்து மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்து, ஒன்றையொன்று தீண்டாதபடி வெற்றிடத்தில் ஓடவிட்டு, அவை தனித்திருக்கும்போது அவற்றின் இயல்பை வினவுவதே அம்முறையாகும்.

மூலக்கூற்றிடம் உள்ள சத்தி, குடத்து நீரைப்போல எந்த அளவினதாகவும் இருக்கத்தக்கதன்று. படிக்கட்டில் ஏறுபவன் முதற்படியில் நிற்கலாம். இரண்டாம் படியில் நிற்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் நிற்றல் இயலாது. அவ்வாறே மூலக்கூறும் தனக்கென வரையறுக்கப்பட்ட சில நிலைகளிலேயே இருக்கும். இவற்றைச் சத்தி மட்டங்கள் என்பர். கீழ்மட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்கு ஏறும்போது மூலக்கூறு ஒளியையோ வானொலி அலையையோ உட்கொள்ளும், இறங்கும்போது வெளிவிடும். அவ்வலையின் மீடிறன், அதாவது அது ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றது என்னும் எண், இரு மட்டங்களுக்கும் இடையேயுள்ள உயரத்துக்கு நேர்விகிதமாக இருக்கும். 1900 ஆம் ஆண்டில் மாக்ஸ் பிளாங் தொடக்கிவைத்து, 1913 இல் நீல்ஸ் போர் அணுவுக்குப் பொருத்திக் காட்டிய சத்திச்சொட்டுக் கொள்கையின் சாரம் இதுவே. ஆகவே மீடிறனை அளப்பது படியின் உயரத்தை அளப்பதாகும். படிக்கட்டு முழுவதையும் அறிந்தவன் மூலக்கூற்றின் அமைப்பையே அறிந்தவனாவான்.

இப்படிகள் எல்லாம் ஒரே அளவினவல்ல. மூலக்கூற்றிலுள்ள இலத்திரன்கள் நிலைமாறும்போது ஏற்படுவன பெரும்படிகள். அவற்றுக்குக் கட்புலனாகும் ஒளியோ ஊதாக் கடந்த கதிரோ வேண்டும். அணுக்கள் ஒன்றையொன்று நோக்கி அதிர்வதால் ஏற்படுவன அவற்றினும் சிறியவை; செந்நிறக்கீழ்க் கதிர்கள் அவற்றுக்குப் போதும். மூலக்கூறு முழுவதும் சுழல்வதால் ஏற்படுவன மேலும் சிறியவை. காபனோரொட்சைட்டு மூலக்கூறு சுழற்சியின் முதற்படியை ஏறுதற்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 11,527 கோடி அதிர்வுகளையுடைய நுண்ணலை வேண்டும். அதன் அலைநீளம் 2.6 மில்லிமீற்றர். இவை யாவற்றினும் நுண்ணியன, அணுக்கருக்கள் சிறு காந்தங்களாக இருப்பதால் விளைவன. கருக்காந்தம் ஒரு பக்கம் நோக்கினால் ஒரு மட்டம், மறுபக்கம் நோக்கினால் வேறொரு மட்டம் என்னும் அளவிலான இச்சிறு வேறுபாடுகளை வானொலி அலைகளே கிளறிவிடும். பெரும்படிக்குள் சிறுபடியும், சிறுபடிக்குள் நுண்படியுமாக அமைந்த இவ்விசித்திரமான படிக்கட்டின் கடைசி நுணுக்கங்களிலேதான் இயற்கை தன் இரகசியங்கள் பலவற்றை ஒளித்து வைத்திருக்கின்றது.

சாதாரண நிலையிலுள்ள வாயுவில் இந்நுண்படிகளைக் காண்பது அரிது. திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஒருவன் தனக்குள் முணுமுணுக்கும் பாட்டின் சுரத்தை இன்னதென்று கண்டறிய இயலுமா? வாயுவிலுள்ள மூலக்கூற்றின் நிலையும் அத்தகையதே. காற்றிலுள்ள நைதரசன் மூலக்கூறு செக்கனுக்கு ஏறக்குறைய 470 மீற்றர் வேகத்தில் விரைகின்றது. ஆயினும் மில்லிமீற்றரின் பதினையாயிரத்தில் ஒரு பங்கு தூரம் செல்வதற்குள் மற்றொரு மூலக்கூற்றுடன் மோதிவிடுகின்றது. ஒரு செக்கனில் அது அடையும் மோதல்கள் ஏறக்குறைய 700 கோடி. ஒவ்வொரு மோதலும் அதன் உள்ளியக்கத்தைக் குலைத்துவிடுவதால், அது உட்கொள்ளும் அலையின் மீடிறன் ஒரு கூரிய கோடாக அமையாது அகன்று மங்கிவிடுகின்றது.

இம்மங்கலுக்கு வேறு காரணமும் உண்டு. அணுகிவரும் புகையிரதத்தின் ஊதல் உயர்ந்தும், அகன்றுசெல்லும் புகையிரதத்தின் ஊதல் தாழ்ந்தும் கேட்பதை நேயர்கள் அறிவர். டொப்ளர் விளைவு எனப்படும் இவ்வியல்பு அலைகளுக்கெல்லாம் பொதுவானது. வாயுவிலுள்ள மூலக்கூறுகள் நாலா திசையிலும் ஓடுவதால், ஒன்றன் மீடிறன் சற்று உயர்ந்தும் மற்றொன்றினது தாழ்ந்தும் தோன்றுகின்றன. மூன்றாவது காரணம் காலத்தின் குறுக்கம். தாளத்தின் நடையை அறிய விரும்புபவன் ஓர் அட்சரத்தை மாத்திரம் கேட்டால் போதாது. சில ஆவர்த்தனங்களாவது கேட்கவேண்டும். மூலக்கூற்றை எவ்வளவு நேரம் குலைவின்றி நோக்க முடிகின்றதோ அவ்வளவுக்கே அதன் மீடிறனைத் திருத்தமாக அளக்க முடியும்.

இத்தடைகளைக் குறைப்பதற்குத் தோன்றிய உபாயமே மூலக்கூற்றுக் கற்றை. ஆராயப்படும் பொருள் ஒரு சிற்றுலையில் வைத்துச் சூடாக்கப்படும். வாயுவாயின் சிறு கலத்தில் அடைக்கப்படும். அதன் சுவரிலுள்ள மெல்லிய பிளவு வழியாக மூலக்கூறுகள் வெளியேறும். வெளியேறும் இடம் பம்பிகளால் காற்று அகற்றப்பட்ட பெருங்கலமாகும். அக்கலத்தில் எஞ்சிய காற்றின் அமுக்கம் சாதாரண வளியமுக்கத்தின் எழுபது, எண்பது கோடியில் ஒரு பங்காகக் குறைந்தால், மூலக்கூறு ஐம்பது மீற்றர் அளவு தூரம் மோதலின்றிச் செல்லக்கூடும். கருவியின் நீளமோ சில மீற்றருக்கு மேற்படாது. எதிரே வைத்த இரண்டாவது பிளவு, நேராக வரும் மூலக்கூறுகளை மாத்திரம் செல்லவிட்டு ஏனையவற்றைத் தடுத்துவிடும். இவ்வாறு மெல்லிய கற்றை ஒன்று உண்டாகின்றது. ஒரே திசையில், ஒன்றையொன்று தீண்டாது மூலக்கூறுகள் ஓடுவதால் மோதல் நீங்குகின்றது. கற்றைக்குச் செங்குத்தாக அலையைப் பாய்ச்சினால், மூலக்கூறுகள் அலையின் மூலத்தை அணுகுவதுமில்லை, அகலுவதுமில்லையாதலின் டொப்ளர் மங்கலும் பெரும்பாலும் ஒழிகின்றது. இத்தகைய கற்றையை முதன்முதல் 1911 ஆம் ஆண்டில் சோடியம் ஆவியைக்கொண்டு உண்டாக்கிக் காட்டியவர் பிரெஞ்சுப் பௌதிகவறிஞர் லூயி டுனோயே.

அவ்வுபாயத்தை ஒரு கலையாகவே வளர்த்தவர் ஜேர்மனியைச் சேர்ந்த ஒட்டோ ஸ்டேர்ண். பிராங்க்பர்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் 1922 ஆம் ஆண்டில் அவரும் வால்தர் கெர்லாக்கும் செய்த பரிசோதனை உலகப் புகழ் பெற்றது. முதலாம் உலகப் போருக்குப் பின் ஜேர்மனி வறுமையுற்றிருந்த காலம் அது. ஆய்வுக்கு வேண்டிய பணம் போதாமையால், அப்பல்கலைக்கழகத்திலிருந்த மாக்ஸ் போர்ன் சார்புக் கொள்கையைப் பற்றிப் பொதுமக்களுக்குச் சொற்பொழிவுகள் நிகழ்த்தி, நுழைவுக் கட்டணத்தால் வந்த தொகையை ஆய்வுகூடத்துக்குச் செலவிட்டார். வெள்ளியணுக்களின் கற்றையை ஒரு பக்கம் கூர்மையான காந்த முனைகளுக்கு இடையே செலுத்திக் கண்ணாடித் தகட்டிற் படியவைப்பதே பரிசோதனை. சிறு காந்தங்களாகிய வெள்ளியணுக்கள் எப்பக்கமும் திரும்பி நிற்கலாமென்றால், தகட்டில் அகன்ற படலம் ஒன்று உண்டாகவேண்டும். தகட்டில் முதலில் எதுவும் புலப்படவில்லை. ஸ்டேர்ணின் மலிவான சுருட்டின் புகையிலிருந்த கந்தகம் வெள்ளியைக் கருமையாக்கியதனாற்றான் கோடு தெரிந்ததென்று அவரே பின்னாளில் கூறியதுண்டு. தெரிந்தபோதோ, கற்றை மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்களவு இடைவெளியுடன் இரண்டாகப் பிரிந்திருந்தது. சத்தி மட்டங்களைப் போலவே, காந்தம் நோக்கும் திசையும் வரையறுக்கப்பட்டது என்பதற்குக் கண்கண்ட சான்று கிடைத்தது.

ஸ்டேர்ண் 1923 இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, கற்றை ஆய்வுக்கென ஒரு கூடத்தை நிறுவினார். அங்கே அவரும் ஒட்டோ பிரிஷ், இம்மானுவேல் எஸ்டெர்மன் ஆகியோரும் ஐதரசன் மூலக்கூற்றுக் கற்றையைக்கொண்டு புரோத்தனின் காந்தத் திறனை அளக்க முற்பட்டனர். கோட்பாட்டறிஞர் சிலர் இம்முயற்சியை வீண்வேலை என்றனர். விடை ஓர் அலகென்பது ஏற்கெனவே தெரிந்ததுதானே என்பது அவர்கள் வாதம். 1933 ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தபோது விடை ஒன்றன்று, ஏறக்குறைய இரண்டரை. இன்று திருத்தமாக அளக்கப்பட்டுள்ள அளவு 2.79. மேலும் பிரிக்கவொண்ணாத எளிய துகளென்று கருதப்பட்ட புரோத்தனுக்கு உள்ளமைப்பு ஒன்று உண்டு என்பதற்கு அதுவே முதற்குறிப்பு. அவ்வாண்டிலேயே ஹிட்லரின் ஆட்சி ஏற்பட்டது. யூதர்களாகிய பிரிஷும் எஸ்டெர்மனும் பதவியிழந்தனர். ஸ்டேர்ண் தாமும் பதவியைத் துறந்து அமெரிக்காவிலுள்ள பிற்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். பத்தாண்டுகள் வளர்ந்த ஆய்வுகூடம் சில மாதங்களிற் சிதறிப்போயிற்று. 1943 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு ஸ்டேர்ணுக்கு வழங்கப்பட்டபோது அவர் அமெரிக்கக் குடிமகனாக இருந்தார்.

கூடம் சிதறினும் கலை அழியவில்லை. ஹாம்பர்க்கில் ஸ்டேர்ணிடம் பயின்றவர்களுள் ஒருவர் இசிடோர் ராபி. 1898 இல் கலீசியா நாட்டில் ஏழைக் குடும்பத்திற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நியூயோர்க் சேர்ந்தவர். 1929 இல் அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அதுவரை காந்தம் கற்றையை எவ்வளவு விலக்குகின்றது என்று தூரத்தை அளந்தே முடிவு காணப்பட்டது. தூரத்தை அளப்பதிலுள்ள பிழையோ சிறிதன்று. ராபி அளக்கவேண்டிய பொருளையே மாற்றிவிட்டார். தூரத்துக்குப் பதிலாக மீடிறனை அளந்தார்.

அவருடைய கருவியில் மூன்று காந்தங்கள் வரிசையாக நின்றன. முதற்காந்தம் மூலக்கூற்றை ஒரு பக்கம் வளைக்கும். மூன்றாங்காந்தம் அதே அளவு மறுபக்கம் வளைத்து, முடிவிலுள்ள உணர்கருவியிற் சேர்க்கும். நடுக்காந்தத்தின் புலம் எங்கும் ஒரே சீரானது. அதனுள் வானொலி அலையைத் தரும் கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அலையின் மீடிறன் மூலக்கூற்றின் இரு மட்டங்களுக்கிடையேயுள்ள உயரத்தோடு சரியாகப் பொருந்தினால், மூலக்கூறு ஒரு மட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். தாவிய மூலக்கூற்றை மூன்றாங்காந்தம் முன்போல வளைக்காது. அது உணர்கருவியைத் தவறவிடும். ஆகவே மீடிறனையோ காந்தப்புலத்தையோ சிறிது சிறிதாக மாற்றிச்செல்லும்போது, உணர்கருவியின் முள் எவ்விடத்தில் திடீரெனத் தாழ்கின்றதோ அவ்விடமே பொருத்தம் நிகழும் இடம். ஊஞ்சலை அதன் ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினாற்றான் அது உயர எழும். அத்தகைய ஒத்திசைவைப் பௌதிகவியலார் பரிவு என்பர். ராபி, சக்கரையாஸ், மில்மன், கூஷ் ஆகிய நால்வரும் இலீதியம் குளோரைட்டு மூலக்கூற்றுக் கற்றையில் இப்பரிவைக் கண்டு 1938 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அடுத்த ஆண்டில், அதாவது 1939 இல், அதே கூடத்திலிருந்த கெலொக், ராபி, ராம்சே, சக்கரையாஸ் ஆகியோர் சாதாரண ஐதரசன் மூலக்கூற்றையும் பார ஐதரசன் மூலக்கூற்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். சாதாரண ஐதரசனின் நுண்மட்டங்கள் கணக்கோடு பொருந்தின. பார ஐதரசனின் மட்டங்கள் பொருந்தவில்லை. கருவியிற் பிழையென்று தள்ளிவிடத்தக்க வேறுபாடன்று அது. பலவாறு சோதித்தபின் அவர்கள் கண்ட காரணம், பார ஐதரசனின் கருவாகிய தியூத்திரன் உருண்டையானதன்று என்பதே. ஒரு புரோத்தனும் ஒரு நியூத்திரனும் இணைந்த அக்கரு தன் அச்சின் வழியே சற்று நீண்டிருக்கின்றது. மூலக்கூற்றின் மின்புலத்தில் நீண்ட கரு ஒரு திசை நோக்கினால் ஒரு சத்தியும், வேறு திசை நோக்கினால் வேறு சத்தியும் பெறும். அவ்வேறுபாடே மட்டங்களைச் சிறிது இடம்பெயர்த்தது. இதிலிருந்து, கருவைப் பிணித்திருக்கும் விசை துகள்களின் இடைத்தூரத்தை மாத்திரமன்றி அவற்றின் சுழற்சி நோக்கும் திசையையும் பொறுத்ததென்பது தெளிவாயிற்று. மூலக்கூற்றின் படிக்கட்டை அளக்கப் புகுந்தவர்கள் அணுக்கருவின் உருவத்தைக் கண்டனர். ராபி 1944 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றார்.

அமோனியாவின் கதை இதன்பின் வருவது. அம்மூலக்கூறு மூன்று ஐதரசன் அணுக்களை அடியாகவும் நைதரசன் அணுவை உச்சியாகவும் உடைய சிறு கூடாரம் போன்றது. கடுங்காற்றிற் குடை மறுபுறம் புரண்டுவிடுவதுபோல, நைதரசன் அடித்தளத்தின் ஊடாகச் சென்று மறுபுறத்தை அடைவதும், மீண்டும் இப்புறம் வருவதுமாக இருக்கும். பழைய பௌதிகத்தின்படி அதனிடம் அத்தடையைக் கடக்கப் போதிய சத்தியில்லை. சத்திச்சொட்டு விதிகளோ அதற்கு இடம் கொடுக்கின்றன. இப்புரட்சியின் விளைவாக ஒரு மட்டம் இரண்டாகப் பிரிகின்றது. அவ்விரண்டுக்கும் இடையிலான தாவலின் மீடிறன் மூலக்கூற்றின் சுழற்சியைப் பொறுத்துச் சிறிது மாறும். அவற்றுள் வலிமை மிக்க ஒன்றுக்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 2,387 கோடி. அலைநீளம் ஒன்றேகால் சதமமீற்றர். 1934 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிளீட்டன், வில்லியம்ஸ் என்னும் இருவர் இதனை முதன்முதல் நுண்ணலைகளால் கண்டனர். நுண்ணலை நிறமாலையியல் என்னும் துறை அதிலிருந்தே பிறந்தது.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்ள்ஸ் டவுன்ஸ், 1951 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு காலைப்பொழுது, கூட்டமொன்றுக்காக வாஷிங்டன் நகரம் சென்றிருந்தபோது, அங்குள்ள பூங்காவொன்றில் அமர்ந்து சிந்தித்தார். சாதாரண வெப்பநிலையில் அமோனியா மூலக்கூறுகள் மேல்மட்டத்தைவிடக் கீழ்மட்டத்தில் ஆயிரத்துக்கு நான்கு அளவில் மிகுந்திருக்கும். ஆகவே அவ்வாயு அலையை உட்கொள்ளுமேயன்றி வளர்க்காது. ஆனால் கற்றையாகச் செல்லும் மூலக்கூறுகளை, பல ஆயிரம் வோல்ற்று ஏற்றப்பட்ட நான்கு தண்டுகளின் நடுவே செலுத்தினால், மேல்மட்டத்தன நடு அச்சை நோக்கிக் குவியும். கீழ்மட்டத்தன வெளியே விலகும். இவ்வாறு வடித்தெடுத்த கற்றையை உலோகப் பெட்டியொன்றனுள் விட்டால், ஒரு மூலக்கூறு விடும் அலை மற்றொன்றைத் தூண்ட, அது மேலும் ஒன்றைத் தூண்ட, அலை தானே வளரும். இவ்வெண்ணத்தைக் கையிலிருந்த கடிதவுறையின் பின்புறத்தில் அவர் எழுதிக்கொண்டார்.

எண்ணம் எளிது, நிறைவேற்றம் அரிது. மாணவர் ஜேம்ஸ் கோர்டனும் ஆய்வாளர் ஹேர்பேட் சைகரும் டவுன்ஸுடன் சேர்ந்து உழைத்தனர். ஏறக்குறைய ஈராண்டுகள் சென்றும் பயன் காணப்படவில்லை. அப்போது ஒருநாள், துறையின் தலைவராயிருந்த போலிகார்ப் கூஷும் முன்னைய தலைவர் ராபியும் டவுன்ஸின் அறைக்கு வந்து, இது நிறைவேறாத காரியம், பணம் வீணாகின்றது, நிறுத்திவிடுங்கள் என்று வற்புறுத்தினர். கற்றைக் கலையை அமெரிக்காவில் வளர்த்தவரே ராபி. கூஷும் அத்துறையின் ஆய்வுக்காகவே 1955 இல் நோபெல் பரிசு பெற்றவர். அத்துறையில் அவர்களினும் மேலான தீர்ப்பாளர் உலகில் எவரும் இலர். டவுன்ஸ் பணிவுடன் மறுத்துவிட்டார். சில மாதங்களுள், 1954 ஏப்பிரலில், அவர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த அறையினுள் கோர்டன் வந்து கருவி இயங்குகின்றது என்று அறிவித்தார். அது வெளிவிட்ட வலு ஒரு வாற்றின் பத்துக்கோடியில் ஒரு பங்கே. ஆயினும் அவ்வலையின் தூய்மை அதுவரை எவரும் கண்டிராதது. மேசர் எனப்பட்ட அக்கருவியின் கொள்கையே ஒளிக்கும் பொருத்தப்பட்டு, 1960 இல் லேசராகப் பிறந்தது. டவுன்ஸும், சோவியத் நாட்டில் தனித்து அதே கருத்தை வளர்த்த பாசொவ், புரோகொரொவ் ஆகியோரும் 1964 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மேசரின் புகழால் மறைந்துபோன ஒரு செய்தி உண்டு. அது முதலிற் கட்டப்பட்டதன் நோக்கங்களுள் ஒன்று மூலக்கூற்று மட்டங்களைக் கூர்ந்து காண்பது. சாதாரண வெப்பநிலையில் அமோனியா வாயுவின் கோடு டொப்ளர் விளைவு ஒன்றனாலேயே செக்கனுக்கு 70 ஆயிரம் அதிர்வு அளவுக்கு அகன்றுவிடும். கற்றையிலோ அவ்வகலம் ஏறக்குறைய 7 ஆயிரமாகக் குறுகியது. 1955 இல் கோர்டன் அவ்வழியால், ஐதரசன் கருக்களின் காந்தத் திறனால் எழும் நுண்படிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டினார். மங்கிய கோடாக ஒன்றித் தோன்றியவை பல கோடுகளாக விரிந்தன.

மேலும் கூர்மை வேண்டுமாயின் மூலக்கூற்றை நெடுநேரம் நோக்கவேண்டும். அதாவது கற்றையின் நீண்ட பாதை முழுவதும் அலையைப் பரப்பவேண்டும். நீண்ட இடத்திற் காந்தப்புலத்தைச் சீராக வைத்திருத்தல் பெருந்தொல்லை. 1949 ஆம் ஆண்டில், அப்போது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்த நோர்மன் ராம்சே இதற்கு அழகிய வழியொன்றைக் கண்டார். பாதையின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை என இரு குறுகிய இடங்களில் மாத்திரம் அலையைப் பாய்ச்சினார். இரு கடிகாரங்களைக் காலையில் ஒப்பவைத்து மாலையில் மீண்டும் ஒப்பிடுபவன், இடையிலே அவற்றைப் பாராதிருப்பினும், எது எவ்வளவு முந்தியதென்று கூறிவிடலாம் அல்லவா? அத்தகையதே அவ்வழி. 1955 இல் இங்கிலாந்தின் தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தில் லூயி எசென், ஜாக் பரி ஆகியோர் இம்முறையால் சீசியம் அணுக்கற்றையைக்கொண்டு கடிகாரமொன்றை அமைத்தனர். 1967 ஆம் ஆண்டிற் கூடிய அளவைகளுக்கான சர்வதேச மாநாடு, செக்கன் என்பது பூமியின் இயக்கத்தால் அளக்கப்படுவதன்று, சீசியம் அணுவின் 919 கோடி 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகளின் காலமே என்று வரையறுத்தது. இன்றுள்ள வரையறையும் அதுவே. ராம்சே 1989 இல் நோபெல் பரிசு பெற்றார்.

பெரிய மூலக்கூறுகளின் நிறமாலை வேறொரு தொல்லை தருவது. சாதாரண வெப்பநிலையில் அவை எண்ணற்ற சுழற்சி மட்டங்களிற் பரந்து கிடப்பதால், ஆயிரக்கணக்கான கோடுகள் ஒன்றன்மேலொன்றாக விழுந்து, நூற்கண்டு சிக்கியதுபோல ஆகிவிடும். அவற்றைக் கீழ்மட்டங்களில் ஒடுக்குவதற்குக் குளிர்ச்சி வேண்டும். குளிர்வித்தாலோ பொருள் உறைந்துவிடும். இம்முரண்பாட்டையும் கற்றையே தீர்த்தது. மிகுந்த அமுக்கமுள்ள ஈலியம் அல்லது ஆகன் வாயுவுடன் சிறிதளவு பொருளைக் கலந்து நுண்துளை வழியாக வெற்றிடத்திற் பாயவிட்டால், ஒழுங்கற்ற வெப்ப இயக்கம் முன்னோக்கிய ஓட்டமாக மாறிவிடும். எல்லாம் ஒரே வேகத்தில் ஒரே திசையில் ஓடும்போது அவற்றுக்கிடையே சார்பியக்கம் மிகக் குறைவு. குறைந்த சார்பியக்கமே குளிர்ச்சி. 1974 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ரிச்சட் ஸ்மோலி, டொனால்ட் லெவி, லெனார்ட் வார்ட்டன் முதலியோர், சிக்கலுக்குப் பேர்போன நைதரசனீரொட்சைட்டின் நிறமாலையை இவ்வழியால், தனிப்பூச்சியத்துக்குச் சில பாகை மேலுள்ள குளிர்நிலையில் தெளிவாக்கினர். பின்னர் ரைஸ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த ஸ்மோலி, அத்தகைய கற்றைக் கருவியைக்கொண்டே ஹாரி குரோட்டோ, ரொபேட் கேர்ள் ஆகியோருடன் 1985 இல் அறுபது காபன் அணுக்கள் பந்துபோல் இணைந்த புதிய மூலக்கூற்றைக் கண்டார்.

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்குவார்க்கு ஒரு செய்தி புலனாகும். மங்கல் ஒருபடி குறைந்தபோதெல்லாம், முன்னர் தெரிந்ததே மேலும் திருத்தமாகத் தெரிந்ததென்று காரியம் முடியவில்லை. எவரும் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. அகன்ற படலத்துக்குப் பதில் இரு கோடுகள். ஒன்றுக்குப் பதில் இரண்டரை. உருண்டைக்குப் பதில் நீண்ட கரு. விடை தெரியுமென்று எண்ணி அளவாது விட்டிருப்பின் இவற்றுள் ஒன்றேனும் தெரிந்திராது. சிலவேளைகளில் எதுவும் காணப்படாமையே விடையாதலும் உண்டு. இலத்திரனின் மின்னேற்றம் முற்றும் சமச்சீராக உள்ளதா என்று அறிய, அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று தோரியமோரொட்சைட்டு மூலக்கூற்றின் குளிர்ந்த கற்றையிற் சத்தி மட்டங்களை அளந்து 2018 இல் முடிவை வெளியிட்டது. எக்கோணலும் காணப்படவில்லை. புதிய துகள்கள் உண்டென்று கூறிய கோட்பாடுகள் பலவற்றை அந்த ஒரு விடை நெருக்கடிக்குள் ஆக்கிற்று.

இவற்றாற் சாதாரண மக்களுக்கு விளைந்த பயன் யாதென்று வினவுவார் உளர். ராபி கற்றையிற் கண்ட பரிவை, 1946 ஆம் ஆண்டில் பிளொக், பர்செல் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே திண்மத்திலும் திரவத்திலும் கண்டன. அதிலிருந்து வளர்ந்ததே உடலைக் கீறாமல் உள்ளுறுப்புகளைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவி. 1988 இற் காலமான ராபி, தம் இறுதி நோயின்போது அத்தகைய கருவியினுட் படுக்கவைத்துப் பரிசோதிக்கப்பட்டார். அமோனியாவின் மட்டங்களோ வானியலாரின் வெப்பமானியாயின. 1968 இல் டவுன்ஸும் அவருடைய குழுவினரும் நமது பால்வீதியின் நடுப்பகுதியை நோக்கி வானொலித் தொலைநோக்கியைத் திருப்பி, அங்கே அதே ஒன்றேகால் சதமமீற்றர் அலையைப் பெற்றனர். ஆய்வுகூடத்திற் படிகளின் உயரங்கள் முன்னரே அளக்கப்பட்டிருந்தமையால், விண்மீன்கள் பிறக்கும் இருண்ட முகில்களிலும் அமோனியா உண்டென்பதையும், அம்முகில்களின் வெப்பநிலை இன்னதென்பதையும் அறிய முடிந்தது.

ஸ்டேர்ண் சுருட்டைப் பற்றவைத்துக் கண்ணாடித் தகட்டை நோக்கியிருந்தபோது, மருத்துவமனையும் விண்முகிலும் அவர் எண்ணத்தில் இருந்திரா. வெள்ளியணு எப்பக்கம் திரும்பும் என்பது ஒன்றே அவர் வினா. அவ்வினாவைக் கேட்பதற்கு ஒரு கட்டணச் சொற்பொழிவின் பணம் வேண்டியிருந்தது. அதன் தொடர்ச்சியைக் காப்பதற்குப் பலர் நாடுவிட்டு நாடு செல்லவேண்டியிருந்தது. அதன் கனியைப் பறிப்பதற்கு ஒருவர் தம் மதிப்புக்குரிய மூத்தோரின் சொல்லையும் மறுக்கவேண்டியிருந்தது. இன்று உலகெங்கும் நேரம் அறிவிக்கப்படும்போது ஒலிக்கும் ஒவ்வொரு செக்கனும் அவர்கள் தொடக்கிவைத்த அக்கலையினால் எண்ணப்பட்டதாகும்.